டிரான்ஸ்மிட்டர் அறையில் வெள்ளைப் பொடி

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். கல்லூரி வானொலி ஊமை. ஆன்டெனா கேபிள் மூட்டுக்குள் மழைத்தண்ணீர். வெளியே போக வேண்டிய பவர் திரும்பி டிரான்ஸ்மிட்டருக்கே வந்திருக்கிறது. அந்த இணைப்பை மாற்றியும் பவர் பூஜ்யம். பெரிய டிரான்சிஸ்டர் போயிருக்குமோ என்று பயம். பழைய மாடல், இப்போது கிடைப்பதில்லை.

நிலையப் பொறுப்பாளர் ராமானுஜம் சார் ஸ்ரீரங்கத்திலிருந்து ஃபோன். கொள்ளிடத்தில் தண்ணீர் கூட்டுகிறார்களாம். கரையோரத்தில் நம் அறிவிப்பைக் கேட்டுத்தான் மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுவார்கள். "எப்படியாவது பாரும்மா" என்றார்.

டிரான்சிஸ்டரின் கேட், சோர்ஸ் என்ற இரண்டு கால்களுக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். கத்தியது. கத்தக் கூடாத இடம். ஆனால் போர்டில் இருக்கும்போது நம்ப முடியாது, பக்கத்துப் பாகம் கெட்டிருந்தாலும் கத்தும். கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஈயத்தை உருக்கினேன், அடியில் ஒட்டிப்போயிருந்ததை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். நறுக்கென்று ஒரு சத்தம். அடியில் வெள்ளைப் பொடி. வாயால் ஊதினேன். அதற்குள் கரண்ட் போய்விட்டது. மீதி நாளைக்கு.

செவ்வாய்

மாற்று தேட டேட்டா ஷீட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் எச்சரிக்கை. உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஆக்சைடு. உடைக்கக் கூடாது, தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து.

அந்த நறுக்.

எனக்கு ஐந்தாம் மாதம்.

அறையைப் பூட்டினேன். முகம் கழுவினேன், மூக்கைச் சிந்தினேன், மறுபடி கழுவினேன். இருமல் தானாக வந்ததா, நானே இருமிப் பார்த்தேனா, தெரியவில்லை. ராமானுஜம் சார் ஃபோனை எடுக்கவில்லை.

கைலாசபுரம் வீடு. என் கணவர் ஆரோக்கியம் ஷிஃப்ட் முடிந்து மாதுளையோடு வந்தார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். நெஞ்சு கரிக்கிறது என்றேன். நம்பிவிட்டார். பக்கத்தில் படுக்கவே பயம், என் தலைமுடியில் அந்தப் பொடி இருந்தால்?

புதன்

விடிந்ததும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. லீவு சொல்லிவிட்டு, முகமூடி, கையுறை, ஈரத்துணி எல்லாம் எடுத்துக்கொண்டார். வழியில் டாக்டருக்கு ஃபோன். முதலில் அது உடைந்ததா என்று பாருங்கள், அதுவரை நீங்கள் உள்ளே போக வேண்டாம் என்றார்.

ஆரோக்கியம் உள்ளே. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஃபோனில். லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"வெள்ளைப் பீங்கான் விளிம்பு முழுசா இருக்குதாங்க?"

"முழுசா இருக்கு."

"கீறல்?"

"இல்ல."

"திருப்பிப் பாருங்க."

"ஸ்டெல்லா, நாலு பக்கமும் பாத்துட்டேன். ஒண்ணும் உடையல."

பொடி, அடியில் சூடு கடத்தப் பூசிய பழைய பேஸ்ட் காய்ந்தது. நறுக்கென்றதும் அதுதான். சுவரோடு உட்கார்ந்துவிட்டேன்.

அவரையே மீட்டர் வைக்கச் சொன்னேன். கேட், சோர்ஸ். சத்தமில்லை. டிரெயின் என்ற மூன்றாவது காலிலும் சரி. டிரான்சிஸ்டர் போகவே இல்லை! போர்டில் பக்கத்திலிருந்த மிளகளவு கெபாசிட்டர்தான் ஷார்ட்.

அவர் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்த பிறகு உள்ளே போய் நானே மாற்றினேன். முதலில் குறைந்த பவர், பிறகு முழுசாக. பன்னிரண்டு மணிச் செய்தியில் ராமானுஜம் சார் குரல், கரையோர ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக.

மாலை. திங்களன்று நான் போட்டிருந்த சுடிதாரை ஆரோக்கியம் பிளாஸ்டிக் கவரில் திணித்துக்கொண்டிருந்தார், குப்பைக்கு.

"வெறும் பேஸ்ட்தானே, நீங்கதானே பாத்தீங்க" என்றேன்.

"பாத்தேன்" என்றார். முடிச்சுப் போட்டார். அதன்மேல் இன்னொரு முடிச்சு.