கொட்டாவி விட்ட இடங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அண்ணன், அண்ணி, பொடியன் எல்லோரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இருக்கிறேன் என்று போனில் சொல்வாய், ஆனால் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் மட்டும் லைன் சரியில்லை என்பாய், அதனால் பாதிதான் நம்புகிறேன். பொடியனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, ஆனாலும் வாய் ஓயவில்லை. உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பத்து நாளாக நம் வீட்டில்தான் இருக்கிறாள். கண் தெளிந்ததிலிருந்து அலமாரி மேல் இருக்கும் தூசி, மின்விசிறி இறக்கையில் இருக்கும் தூசி எல்லாம் தெரிகிறதாம், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள், அண்ணி பாவம் துணியும் கையுமாக அலைகிறாள். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. முப்பத்தைந்து வருஷம் மின்சார அலுவலகத்தில் ஒயர்மேனாக இருந்தவன் ஒரு குழாயைச் சரிசெய்ய முடியாதா என்று அண்ணன் கேலி செய்கிறான், அது வேறு வேலை இது வேறு வேலை என்று அவனுக்கு எத்தனை தடவை சொல்வது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன், அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் புகுந்து பேசி என்னைக் கவிழ்த்துவிடுவாய். வருகிற இருபத்திரண்டாம் தேதி உன் தலைமையாசிரியை ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நீ வரலாறு நடத்துவதைப் பார்க்கப் போகிறார், அதை வைத்துத்தான் அடுத்த வருஷம் உன்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார் என்றாய். பிள்ளைகள் எதைச் சொன்னாலும் இது பரீட்சையில் வருமா மிஸ் என்று மட்டும் கேட்கிறார்கள், மற்ற நேரம் சுவரில் சாய்ந்துகொள்கிறார்கள், எனக்கு இந்த வேலை வராதோ என்னவோ என்று சொன்னாய். அப்புறம் தொழிற்புரட்சி பாடம் முழுவதையும் நாற்பது நிமிஷம் எனக்கு வாசித்துக் காட்டி, எப்படிப்பா இருக்கு என்றாய். பிரமாதம், ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே என்று சொல்லிவிட்டேன். அது பொய்.

பொய் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். நீ அனுப்பிய பாடத் திட்டத்தை அண்ணன் நேற்றுதான் அச்சடித்துக் கொண்டுவந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு இடத்தில் கொட்டாவி விட்டேன். இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும், வரட்டும், ஆனால் என் கொட்டாவிக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை இருந்தது என்று உனக்குத் தெரியாது. உன் அம்மாவின் பாட நோட்டுகளை அனுப்பச் சொல்லியிருந்தாயே, அதில் ஓரத்தில் சிவப்பு மையில் கொ, கொ என்று எழுதியிருக்கும், பக்கத்தில் ஏழு, பதினெட்டு என்று எண் இருக்கும். அது நான் கொட்டாவி விட்ட நிமிஷம்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நான் வாரத்துக்கான துணிகளை இஸ்திரி போடுவேன், ஞாபகம் இருக்கிறதா, ஹாலில் பழைய போர்வையை மேஜை மேல் விரித்து. அம்மா அப்போது குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டு திங்கள் முதல் வெள்ளி வரை நடத்தப்போகும் பாடத்தை எனக்கு நடத்துவாள். எட்டாவது தாண்டாத எனக்கு. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. உங்களுக்குப் புடிச்சா பின் பெஞ்சுக்கும் புடிக்கும் என்பாள். நான் எங்கே கொட்டாவி விடுகிறேனோ அங்கே நோட்டில் குறித்துக்கொண்டு, சமையலறைக்குப் போய் அந்த இடத்தை அடித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டு வருவாள். நன்றாக அமைந்துவிட்டால் நான் இஸ்திரிப் பெட்டியை மறந்துவிடுவேன். நடுக்கடலில் குடிதண்ணீர் தீர்ந்துபோன மாலுமிகளைப் பற்றி ஒரு நாள் சொன்னாள், உன் பள்ளிச் சட்டை கருகிப்போனது. நோட்டில் அந்தப் பக்கத்தில் 'காலர் போச்சு' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாள், பார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகமாட்டேன் என்று நீ தரையில் உருண்டாய். நீ அப்போதெல்லாம் தெருவில் மருந்துக்கடைக்காரர் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருப்பாய், அம்மாவின் சத்தம் மட்டும் ஜன்னல் வழியாகக் கேட்கும். ஒரு தரம் ஓடி வந்து இடுப்பில் கை வைத்து, போதும்மா, அப்பாவ விட்டுடு, பாவம் என்றாய். உன் அம்மா ஒரு பேரரசன் செய்த தப்பையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், நீ அது நான் செய்தது என்று நினைத்துவிட்டாய். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீ ஆறிப்போனது.

எல்லாப் பாடமும் அவளுக்கு முதலிலேயே வந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மண்ணுக்கடியில் புதைந்த ஊர்களைத் தோண்டுவது பற்றிய பாடத்துக்கு மூன்று ஞாயிறு வரிசையாகக் கொட்டாவி விட்டேன். நாலாவது வாரம் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நம் வீட்டுக் குப்பைக்கூடையை அப்படியே பையில் கட்டி வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய், செய்தித்தாளை விரித்துக் கொட்டி, இந்த வீட்டுல யார் யார் இருக்காங்க, என்ன செய்றாங்கன்னு கண்டுபிடிங்க என்று சொல்லியிருக்கிறாள். பென்சில் சீவலைப் பார்த்துச் சின்னப் பிள்ளை உண்டு என்றார்களாம், கருகிய ஒயர் துண்டைப் பார்த்து எலெக்ட்ரிசியன் என்றார்களாம். அப்புறம் ஒரு பெண் பிள்ளை, கசக்கிய காகிதத்துக்குள் இன்னொரு காகிதம், அதற்குள் மடித்து வைத்திருந்த நாலு சிகரெட் துண்டுகளை எடுத்து, மிஸ், இந்த வீட்டுல யாரோ திருட்டுத்தனமா புகை புடிக்கிறாங்க, வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது என்றாளாம். அந்தச் சனியனை விட்டு ஒரு வருஷமாகிறது என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சாயங்காலம் வந்து பையை மாட்டிவிட்டு, ஏழாம் வகுப்பு உங்களக் கையும் களவுமா புடிச்சிடுச்சு என்றாள். அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை. நாற்பது பிள்ளைகள் சாட்சி சொன்ன பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு தொடுவது.

இப்போது நீ கேட்டிராத ஒன்றைச் சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், அம்மாவின் வகுப்பைப் பார்க்க மேலதிகாரி வருவதாக இருந்தது. அது நன்றாகப் போனால் மேல்வகுப்புகளுக்கு மாற்றுவார்கள், அவள் எட்டு வருஷமாகக் காத்திருந்த இடம். பாடம் அரசர் காலத்து நிலவரி. அந்த ஞாயிறு அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, கண் வீங்கி, நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த நிலையில் இவளை இன்னும் நோகடிப்பானேன் என்று, முன்னாடியே இரண்டு டம்ளர் கெட்டி டீ குடித்துவிட்டு, வந்த கொட்டாவியை எல்லாம் பல்லைக் கடித்து விழுங்கினேன். தொடையைக் கிள்ளிக்கொண்டேன். கடைசியில் பிரமாதம் என்றேன். அவள் முகம் மலர்ந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது, நல்லது செய்துவிட்டோம் என்று. அவள் ஒரு வரியும் மாற்றாமல் அதையே கொண்டுபோய் நடத்தினாள். முன் பெஞ்சிலேயே மூன்று பேர் தூங்கிவிட்டார்களாம். அதிகாரியின் கையிலிருந்து பேனா விழுந்து, அந்தச் சத்தத்தில்தான் அவரே விழித்தாராம். ஆசிரியை உழைப்பாளி, வகுப்பில் உயிர் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அந்த ஒரு வரியால் அவளுக்கு மேல்வகுப்பு கிடைக்க இன்னும் நாலு வருஷமாயிற்று.

வீட்டுக்கு வந்து, உங்களுக்கு எப்படி ஒரு கொட்டாவிகூட வரல என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள், புள்ளைங்க மரியாதைக்கு அடக்கிக்குவாங்க, பெரியவங்க நாசூக்குக்கு அடக்கிக்குவாங்க, நீங்களும் அடக்கிக்கிட்டா நான் எங்க போறது. அந்த வாரம் முழுவதும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வரும், பேச்சு வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் போர்வையை விரிக்கும்போது நோட்டோடு வந்து நின்று, மரியாதை இல்லாம கேளுங்க என்றாள். அன்றிலிருந்து அவள் ஓய்வு பெறும் வரை நான் ஒரு கொட்டாவியையும் ஒளித்ததில்லை. இத்தனையும் தெரிந்த மனுஷன்தான் போன ஞாயிறு உன்னிடம் அதே தப்பைத் திருப்பிச் செய்தேன். என்னை என்ன சொல்வது.

ஆகவே கேட்டுக்கொள். முதல் கொட்டாவி, ஓரத்தில் நீயே போட்டிருக்கும் நிமிஷக் கணக்குப்படி ஒன்பதாவது நிமிஷம், தொழிற்புரட்சிக்கு ஆறு காரணங்கள் என்று வரிசையாகப் போகிறாயே, அங்கே. நாலாவது காரணத்தில் எனக்கு முதல் காரணம் மறந்துவிட்டது. இரண்டாவது இருபத்தைந்தாவது நிமிஷம், எந்த இயந்திரம் எந்த வருஷம் என்று கட்டம் போட்டிருக்கிறாயே, அங்கே கொட்டாவி மட்டுமில்லை, எழுந்து போய் வாசல் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன், பட்டப்பகலில். ஆனால் கடைசிப் பக்கத்தில், நேரம் இருந்தால் சொல்லலாம் என்று அடைப்புக்குள் ஒரு வரி போட்டிருக்கிறாய் பார், ஆலை வந்த புதிதில் தொழிலாளிகள் வீட்டில் கடிகாரம் கிடையாது, விடியுமுன் நீளக் கழியால் ஜன்னலைத் தட்டி எழுப்புவதற்கென்றே ஆள் இருந்தார்கள் என்று. பாப்பா, நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஷிப்டுக்குப் போனவனுக்குத்தான் அந்தத் தட்டல் புரியும். அதுவரை சேவல் கூவினாலோ வெயில் வந்தாலோ எழுந்த ஜனங்கள், ஒரு சங்குச் சத்தத்துக்கு ஓட ஆரம்பித்தார்களே, முதல் நாள் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? சரி, தட்டுகிறவரை யார் எழுப்பினார்கள்? நேற்றிலிருந்து மண்டையைக் குடைகிறது. அத்தையிடம் கேட்டேன், அண்ணியிடம் கேட்டேன், பொடியன்கூட சாப்பிடும்போது அதையே கேட்கிறான். இதைப் போய் நாற்பதாவது நிமிஷத்தில் ஒளித்து வைத்திருக்கிறாயே. இதை எங்கே கொண்டுவந்து வைப்பது, அந்த ஆறு காரணங்களை என்ன செய்வது, பரீட்சைக்கு வேண்டியதை எப்படிச் சேர்ப்பது என்பதெல்லாம் உன் வேலை. எனக்கு எங்கே கரண்ட் போகிறது என்று மட்டும்தான் தெரியும்.

நோட்டுகளில் நாலு மட்டும் இன்று கூரியரில் போடுகிறேன். அதைப் பார்த்து எழுதாதே. எத்தனை பக்கம் அடித்திருக்கிறாள் என்று பார்க்கத்தான் அனுப்புகிறேன். உனக்கு வேலை வராது என்று நினைத்தால் அவள் முதல் இரண்டு வருஷத்து நோட்டைப் பிரித்துப் பார், கொட்டாவி இல்லாத பக்கமே கிடையாது. இருபத்திரண்டாம் தேதி நல்லபடியாக முடியும். முடியாவிட்டாலும் நீ என் பிள்ளைதான், இந்த வீட்டில் உனக்கு ஒரு கட்டில் எப்போதும் உண்டு. ராத்திரி கண் விழிக்காதே, தொண்டைக்கு வெந்நீர் குடி, குரல் கட்டினால் வகுப்பு கையை விட்டுப் போய்விடும். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. போன ஞாயிறு நான் கொட்டாவியை அடக்கவில்லை பாப்பா. எனக்குக் கொட்டாவியே வரவில்லை. நீ வாசிக்க ஆரம்பித்து இரண்டு வரி ஆவதற்குள், வரி முடிகிற இடத்தில் நீ குரலை ஏற்றினாய், அது உன் அம்மாவின் குரல். அவள் போய் மூன்று வருஷத்துக்குப் பிறகு காதில் விழுந்தது. நாற்பது நிமிஷமும் நான் அதைத்தான் கேட்டேன், பாடம் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. இந்த ஞாயிறு மூன்று மணிக்கு மறக்காமல் கூப்பிடு. முதல் பத்து நிமிஷம் பாடத்தை எடுக்காதே, உன் வாடகை வீட்டுக்காரம்மாவைப் பற்றியோ மழையைப் பற்றியோ எதையாவது பேசிக்கொண்டிரு. நான் அழுது முடித்துவிடுகிறேன். அப்புறம் ஆரம்பி, மரியாதை இல்லாமல் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா