வலை நேரம்

அன்புள்ள அளவுக்காரத் தங்கச்சிக்கு,

உன் அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். நீ மாற்றலாகிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. தலைமை ஆபீசில் உனக்கு எத்தனையாவது மாடி என்று தெரியாததால் உறையில் உன் வேலையை மட்டும் எழுதியிருக்கிறேன். இறால் அளக்கிற பெண் என்றால் அங்கே உன்னைத் தெரியாமலா போகும்.

என் எழுத்து முன்னைவிட மோசம். ஐந்தாம் வகுப்பு எழுத்து, அதுவும் எட்டு மாதமாகச் சரியாக எழுதுவதே இல்லை. என் வீட்டுக்காரர் போன செய்தி உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள். படகிலேயே நெஞ்சுவலி. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் வேலை விஷயம், ஏனென்றால் அதற்கு நாள் குறைவாக இருக்கிறது.

போன திங்கட்கிழமை உங்கள் ஆபீசிலிருந்து படகுத்துறைப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். இந்த வருடம் இறால் கூடியிருக்கிறதாம். அதனால் பருவம் முடிந்து வலையை நிறுத்தும் தேதியை இருபது நாள் தள்ளிப்போட்டிருக்கிறார்களாம். துறையே ஆரவாரமாக இருக்கிறது. சங்கத் தலைவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் தரம் பிரிக்கிற கொட்டகையில் இறாலில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் கைக்குத் தெரிகிறது, கூடவில்லை. போன வருடம் பத்துக் கூடை வந்த இடத்தில் இப்போது ஆறு வருகிறது. ஆறு கூடை எப்படிப் பத்துக் கூடையைவிட அதிகம் ஆகும்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. மூன்றாம் நாள் பிடிபட்டது. தப்பு என்னுடையது.

விளக்கமாகச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. நம் துறையில் ஐந்து படகுகள்தானே உங்களுக்கு மீன்பிடி டைரி எழுதித் தருபவை. ஐந்து டைரியையும் பதினொரு வருடமாக எழுதியவள் நான். ஆண்களுக்குக் கரைக்கு வந்ததும் தூக்கம்தான் தெரியும். நீ என் பக்கங்களைப் பார்த்து, "ஒரு நாள்கூட விடாம, அடிச்சுத் திருத்தாம, இப்படி யாருக்கா எழுதறாங்க?" என்று கேட்டாய். அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு, வலை நீரில் இருந்த நேரம் என்று. எடுத்த எடையை அந்த நேரத்தால் வகுத்து, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு இறால் என்று பார்ப்பீர்கள். அது வருடா வருடம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்துக் கடலில் எவ்வளவு மிச்சம் என்று கணிப்பீர்கள். இறாலுக்கு ஆயுசு ஒன்றரை வருடம், மிஞ்சிப் போனால் இரண்டு, அதனால் ஒவ்வொரு வருடமும் புதிதாகத்தான் பார்க்க வேண்டும் என்றும் நீதான் சொன்னாய், கொட்டகையில் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து.

டைரி எழுத ஆரம்பித்த முதல் நாள் அந்தக் கட்டத்தைக் காட்டி என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "அதெல்லாம் யாரு பார்த்துக்கிட்டு இருந்தா? போன நேரம் வந்த நேரம் உனக்குத்தான் தெரியுமே, அதைப் போடு, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். எனக்குக் கரையிலிருந்து தெரிவது அதுதான். விடிகாலை நாலு மணிக்குக் கயிறு அவிழ்க்கும் சத்தம், சாயங்காலம் ஆறு மணிக்கு இஞ்சின் சத்தம். பதினான்கு என்று போட்டேன். மற்ற நான்கு படகுக்கும் அப்படியே. வலை உண்மையில் நீரில் இருப்பது ஏழு மணி நேரம். மீதி போக, வர, வலையை ஏற்றி இறக்க.

பதினொரு வருடமும் ஒரே தப்பு. அதனால் பெரிய கேடு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். குறைத்துக் காட்டுகிற தராசு தினமும் ஒரே அளவு குறைத்தால், நேற்றைவிட இன்று கூடவா குறைவா என்பது தெரிந்துவிடும் இல்லையா. ஆனால் அவர் போனபிறகு நான் டைரி எழுதித் தரவில்லை. ஐந்து படகும் போனுக்கு மாறிவிட்டன. வலை இறங்கினால் ஒரு தட்டு, ஏறினால் ஒரு தட்டு. போன் பொய் சொல்லாது, ஏழு என்றே போகிறது. இப்போது நீயே வகுத்துப் பார். போன வருடம் நூற்று நாற்பது கிலோ, என் பதினான்கு மணி நேரம். மணிக்குப் பத்து. இந்த வருடம் எண்பது கிலோ, ஏழு மணி நேரம். மணிக்குப் பதினொன்றுக்கு மேல். இறால் பாதியாகக் கரைந்திருக்கிறது, உங்கள் காகிதத்தில் ஏறியிருக்கிறது. உங்கள் ஆபீஸ் படகாவது போய் அதே இடங்களில் வலை விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது இரண்டு வருடமாகப் பழுதுபார்க்கும் மேடையில் துருப்பிடித்து நிற்கிறது. கேட்டால் உதிரிபாகம் வரணுமாம்.

சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் உனக்கு எழுதுகிறேன் என்று நினைக்காதே. இங்கே ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தேன். உன் நாற்காலியில் இருக்கும் புது ஆபீசர் மரியாதையான ஆள். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "கணக்கெல்லாம் கம்ப்யூட்டர் போடுதும்மா, அதுல தப்பு வராது" என்றார். கம்ப்யூட்டருக்கு அரிசி கொடுத்தால் அரிசி வேகும், கல் கொடுத்தால் கல்தானே சார் வேகும் என்றேன். சிரித்தார். அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை, பழைய பதிவைத் திருத்த ஒரு படிவம் இருப்பதாகக் கிளார்க் சொன்னார். படகோட்டியின் கையெழுத்து வேண்டுமாம். நிமிர்ந்து பார்க்காமலே, "அவரை வரச் சொல்லுங்க" என்றார். நானும் எட்டு மாசமா அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், வரமாட்டேங்கறார் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். ஆனால் படிவம் அப்படியேதான் இருக்கிறது. மூன்றாம் தடவை ஆபீசர் வெளியூர்.

சங்கத் தலைவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "ஆபீஸ்காரன் வாழ்க்கையில ஒரு தடவை நமக்கு நல்லது பண்ணியிருக்கான். அதுல போய் மண்ணைப் போடாதம்மா" என்றார். என் கொழுந்தன்தான் இப்போது படகை ஓட்டுகிறான். அவனும், "அண்ணி, அண்ணன் இருந்தா இப்படிச் செய்ய விட்டிருப்பாரா?" என்று கேட்டுவிட்டான். அவன் பெண்டாட்டி என்னோடு பேசி ஐந்து நாள் ஆகிறது. குழாயடியில் என்னைப் பார்த்தால் குடத்தோடு பேசுகிறாள்.

அண்ணன் இருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்கும் தெரியாது. உன்னை எவ்வளவு கிண்டல் செய்வார், நினைவிருக்கிறதா? "கடல்ல கால் நனைக்காமலே கடலை எண்ணுறாங்க" என்பார். நீ ரோஷப்பட்டு அவர் படகிலேயே ஏறினாய். போன நேரம் முழுக்க வாந்தி, வாந்திக்கு நடுவே அளவு. திரும்பி வந்து என்னிடம், "அந்தப் பொண்ணு குடலைத் தவிர எல்லாத்தையும் அளந்துட்டா" என்று சொன்னவர், அதற்குப் பிறகு நீ அளவெடுக்கிற கூடைக்கு இறாலைப் பொறுக்கிப் போடவே இல்லை. பெரிது சிறிது பார்க்காமல் வந்தது வந்தபடி எடுத்து வைப்பார். அது அவர் உனக்குச் செய்த மரியாதை. வாயால் சொல்லியிருக்க மாட்டார்.

இருபது நாள்தானே என்று நீயும் சொல்லிவிடாதே. எந்த இருபது நாள் என்று பார். அறிவிப்பு வருவதற்கு முன்பிருந்தே, நீ விட்டுப்போன அளவுகோலை எடுத்து நாலு வாரமாக நானே அளக்கிறேன். தினம் ஒரு கூடை, பொறுக்காமல். கண்குழியிலிருந்து தலை ஓட்டின் பின்விளிம்பு வரைக்கும், நீ காட்டியபடி. ஆண் தனி, பெண் தனி. முதல் வாரம் பத்துப் பெண்ணில் இரண்டுக்கு முதுகில் முட்டையின் பச்சைக் கோடு தெரிந்தது. இந்த வாரம் ஆறுக்குத் தெரிகிறது. தேதி தள்ளிய அந்த இருபது நாளில் எல்லாமே முட்டை விடுகிற நிலையில் இருக்கும். அதை அள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் கொட்டினால் அடுத்த வருடம் என் கொழுந்தன் எதை இழுப்பான், சேற்றையா? பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். ஏழாம் தேதி மட்டும் இல்லை, அன்று காய்ச்சல்.

இனி டைரியின் கடைசிப் பக்கம். அவர் போன அன்றைய பக்கத்தின் நகலை நான் ஆபீசுக்குக் கொடுக்கவில்லை. டைரி இத்தனை நாள் என்னிடமே இருந்தது, வலைநூலில் கட்டிய பேனாவோடு. பாதி எழுதியிருக்கிறேன். தேதி, இடம், எடை. நேரக் கட்டத்தில் பதினான்கு போட முடியாது, படகு அன்று மத்தியானம் இரண்டரைக்கே வந்துவிட்டது. அதனால் பதினொரு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன், வலை எப்போது இறங்கியது, எப்போது ஏறியது என்று. கொழுந்தன் சொன்னான். முதல் இழுப்பு ஆறு மணியிலிருந்து எட்டரை. இரண்டாம் இழுப்பு ஒன்பது பத்திலிருந்து பதினொன்று நாற்பது. அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது எப்போது என்று கேட்டேன். பத்து பத்து என்றான். பிறகு அவசரமாக, "அண்ணன்தான் சொன்னார் அண்ணி, வலையை ஏத்திட்டே போயிடலாம்னு" என்றான்.

சொல்லியிருப்பார். அவர் அப்படித்தான். ஆனால் அந்தப் படகில் மூன்று கத்தி உண்டு. வாரா வாரம் தீட்டிக் கொடுப்பவள் நான். இழுவைக் கயிறு எவ்வளவு தடிமன், அதை அறுத்துவிட எவ்வளவு நேரம் ஆகும் என்றும் தெரியும்.

தங்கச்சி, எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் ஒரு கட்டத்தில் தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று இப்போது தெரிகிறது. அதனால் இதைச் சரியாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு இழுப்பு, ஐந்து மணி நேரம். அதுதான் சரியான எண். பேனாவை எடுத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். கை ஐந்து என்று போட மறுக்கிறது. அதில் ஒன்றரை மணி நேரம் நீரில் கிடந்தது வலை மட்டும் இல்லை, அவர் உயிரும்தான்.

டைரி பதினொன்றையும் மற்ற நான்கு படகின் டைரிகளையும் மூட்டையாகக் கட்டிப் பார்சலில் போட்டிருக்கிறேன். எல்லாப் பதினான்கையும் நீ ஏழாக்கு. பழைய வருடமும் புது வருடமும் ஒரே தராசில் வரட்டும். யாருடைய கையெழுத்து வேண்டுமென்றாலும் என்னுடையதை வாங்கிக்கொள், தப்பு போட்ட கை இதுதான். கடிதம் போதாது என்றால் நேரில் கூப்பிடு, வருகிறேன். வலை நிற்க வேண்டிய பழைய தேதி அடுத்த மாதம் பதினைந்து, அதற்குள் அந்த அறிவிப்பைக் கிழிக்க வை. தெருவில் என்னோடு யாரும் பேசாவிட்டால் போகிறது. பேசிக்கொண்டிருந்த அந்த ஒருவரே இப்போது இல்லை.

கடைசிப் பக்கத்து நேரக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பியிருக்கிறேன். என் டைரியில் காலியாக இருக்கும் ஒரே கட்டம் அது. அதை நீ நிரப்பிவிடு. ஐந்து என்று போடு. எனக்குக் காட்ட வேண்டாம்.

கடலுக்குப் போகிற நாளில் வெறும் வயிற்றோடு ஏறாதே, வாந்தி அதிகமாகும், கொஞ்சம் பன்னாவது தின்றுவிட்டு ஏறு. யாராவது படகில் நெஞ்சைப் பிடித்தால், வலை கீழே இருந்தாலும், நீ சத்தம் போடு. ஆபீஸ் ஆள் சொன்னால் கேட்பார்கள். நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பதினான்கு என்று எழுதிய உன் அக்கா