சாவடியில் அடக்கிய நீர்

மாசி 12, வெள்ளி

தாதியான நான் இன்று பிரசவ அறையில் ஒரு பெண்ணை ஏசிவிட்டேன். அதுதான் மனதை அறுக்கிறது.

வவுணதீவிலிருந்து தலைப்பிள்ளைக்கு வந்தவள். வலி நன்றாக இருந்தும் பிள்ளையின் தலை இறங்கவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்தேன். கருப்பைக்கு முன்னால் சலப்பை, சிறுநீர் தேங்கும் பை, தேங்காய் அளவுக்கு வீங்கி வழியை மறித்துக்கொண்டிருந்தது.

“ஏன் புள்ள, சலம் முட்டுதெண்டு முதலே சொல்லல்ல?” என்று கத்தினேன்.

“விடியத்தொட்டு சென்றியில வரிசையில நிண்ட நான், மிஸி. சுத்திவர ஆமி. எங்க போற? அடக்கி அடக்கி இப்ப வருகுதில்ல.”

சிறுநீரகங்களிலிருந்து இறங்கும் இரண்டு குழாய்களும் சென்றி, சோதனைச்சாவடி என்று பார்ப்பதில்லை. சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டே இருக்கும். பை பாவம், எவ்வளவுதான் விரியும்?

ரப்பர் குழாய் விட்டுச் சலத்தை எடுத்தேன். ஒரு போத்தலுக்கு மேல் வந்தது. அதன்பிறகு தலை இறங்கியது. ஒரு மணித்தியாலத்தில் பெண்பிள்ளை பிறந்தது. இருவரும் சுகம். வார்டுக்குப் போகும்போது அவள்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

சாவடியைக் கடக்கவேண்டிய நாட்களில் நானும் காலையில் தேத்தண்ணீர் குடிப்பதில்லை. அதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.