பெஞ்சில் நாலு மணி நேரம்

இன்று காலை கிளினிக்கில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைக் கிழித்தேன். அந்தப் பொய் ஆரஞ்சு வாசனை வந்ததும் உன் மேல் பழைய பொறாமை கிளம்பியது. நீ போய் ஆறு மாதம் ஆகிறது. போய்ச் சேர்ந்தவள் மேல் பொறாமைப்படுவது நாகரிகமில்லை. தெரியும்.

நாம் இருவரும் ஒரே புத்தகத்தில்தான் குழந்தை மருத்துவம் படித்தோம். நான் அதைத் தேர்வில் எழுதினேன். நீ அதை நம்பித் தொலைத்தாய். வயிற்றுப்போக்கோடு குழந்தை வந்தால், தென்னூரில் என் கிளினிக்கில் டிரிப், ஊசி, மூன்று வண்ணங்களில் சிரப். ஸ்ரீரங்கத்தில் உன் கிளினிக்கில் ஒரு மரப் பெஞ்ச், ஒரு லிட்டர் பாட்டிலில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர், டம்ளர், ஸ்பூன். கூட்டம் என்னிடம்தான். ஆனால் உன்னிடம் வந்த தாய்மார்கள் அடுத்த முறை வீட்டிலேயே கலக்கிக் கொடுத்துவிட்டு, தெருவில் உன்னைப் பார்த்தால் கும்பிட்டார்கள். என்னைக் கும்பிட்டவர் மருந்துக் கம்பெனி ரெப் மட்டுமே.

என் மகளுக்கு ஒன்றரை வயதில் பேதி கண்டது. கண் குழிந்துபோன குழந்தையை என் கணவர் காவிரிப் பாலம் தாண்டி உன்னிடம் தூக்கி வந்துவிட்டார். பின்னாலேயே ஓடி வந்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா டிரிப் போடுவே," என்றார் அவர்.

நீ என் கையில் ஸ்பூனைத் திணித்தாய். "சண்டைய வீட்ல வச்சுக்கங்க. உக்காருடி. நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்."

குழந்தை வாந்தியெடுத்தாள். "பயமா இருக்குடி, டிரிப் போட்டுடலாம்," என்றேன்.

"பத்து நிமிஷம் பொறு. அப்புறம் இன்னும் மெதுவா குடு. அவ முழுங்குறா இல்ல? டிரிப்பு அவளுக்கா, உனக்கா?"

நாலு மணி நேரம். பக்கத்தில் பூ விற்கும் பெண் ஒருத்தி தன் மகனுக்கு என்னைவிட நேர்த்தியாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேலும் பொறாமை. கடைசியில் மகள் என் மடியில் மூத்திரம் பெய்தாள்; உடம்பில் நீர் ஏறிவிட்டது. பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷமில்லை.

துத்தநாக மாத்திரையைப் பதினாலு நாளைக்கு எழுதினாய். "நின்னுடுச்சுன்னு பாதியில நிறுத்திடாத. டாக்டருங்கதான் அப்படிப் பண்ணுவாங்க." மூன்றாம் நாள் நிறுத்தப் பார்த்தேன், கணவர் விடவில்லை.

இப்போது என் கிளினிக்கிலும் ஒரு பெஞ்ச் இருக்கிறது. கூட்டம் குறைந்துவிட்டது. இன்று அதில் உட்கார்ந்திருந்த இளம் தாய், குழந்தை தெளிந்து சிரித்ததும் சொன்னாள்: "அப்படியே ஸ்ரீரங்கத்து டாக்டரம்மா மாதிரியே பண்றீங்க, மேடம்."

இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர். அதுவும் உன்னுடையது. ஸ்பூனை வாங்கி, அடுத்த வாயை நானே புகட்டினேன்.