வாங்காத அறை

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள்.

சங்கரன்கோவிலில் ஒரு செல்போன் கடைத் திறப்பு விழா. ரிப்பன் வெட்ட என்னை அழைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் நான் சண்டைப் பட நாயகன். அப்பாவிடம் அறை வாங்கும் காட்சி இருக்கிறதென்று ஒரு படத்தை உதறினேன். நாயகன் அடி வாங்கலாமா என்ற திமிர். அந்த அறையை வாங்கி நடித்தவன் இன்று பெரிய ஸ்டார்.

கடைக்காரன் மைக்கைப் பிடித்தான். "நம்ம ஸ்டாருக்கு டூப் போட்ட அண்ணாச்சி வந்திருக்காவ. கை தட்டுங்க மக்கா!"

மறுக்க வாயெடுப்பதற்குள் கூட்டம் விசிலடித்தது. விசில் கேட்டு எத்தனை வருடமாயிற்று! கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"அந்த அறை வாங்குத சீன ஒருக்க செஞ்சு காட்டுங்க அண்ணாச்சி. அப்பாவா நான் நிக்கேன்."

கன்னத்தைக் காட்டினேன். கடைக்காரப் பாவிப்பயல் நிஜமாகவே அறைந்தான்.

கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது. மறு கன்னத்தையும் காட்டினேன்.