சாக்கை அவிழ்த்தவள்

இன்று மாலை கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. குனிந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது. என் சீட்டுக்கு அடியில் யாரோ வைத்திருந்த மூட்டை மெல்ல அசைந்தது. உள்ளே தவளைகள். உடனே, இத்தனை வருடம் கழித்து, நீ நினைவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய்.

நம் தெருவிலிருந்து முதல் ஆளாக நான் காலேஜுக்கும், பக்கத்து வீட்டு நீ நடவுக்கும் போக ஆரம்பித்த வருடம்தான் ஒரு தவளை வியாபாரி ஊருக்கு வந்தான். தவளைக்கால் கப்பலேறி வெளிநாடு போகிறதாம். ஒரே மழைக்காலத்தில் வயல்கள் ஊமையாகிவிட்டன. அடுத்த மழைக்குப் பயிரில் பூச்சி, தெருவெல்லாம் கொசு.

"கத்தறது நின்னுச்சு, கடிக்கிறது ஆரம்பிச்சிச்சு பாரு" என்றாய். வீட்டுக்குள்ளே உன் தம்பி குளிர்காய்ச்சலில் உதறிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை என்னை பஸ் ஏற்றிவிட வந்தாய். நிறுத்தத்தில் வியாபாரியின் மூட்டைகள், ஏரியில் மிச்சமிருந்த தவளைகளோடு. அவன் டீ குடிக்கப் போன நேரத்தில், குனிந்து முடிச்சுகளை அவிழ்த்தாய். ரோடெல்லாம் தவளை. ஒன்று என் புத்தகத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

"எவடி சாக்க அவுத்தது?" என்று அவன் ஓடிவந்தான்.

"நான்தான். இன்னா இப்போ? காலு வேணும்னா ஒன் கால வெட்டிக்கினு போ!"

"தவளைக்கு மாமியாராடி நீ?"

"ஆமா. மருமவள அனுப்ப மாட்டேன், போய்யா!"

டீக்கடையே சிரித்தது. அவன் கையை ஓங்கியபோது, சிரித்தவர்களே எழுந்து வந்து குறுக்கே நின்றார்கள்.

அவன் விடவில்லை. அடுத்த ஊரில் பிடித்தான். பூச்சிக்கு மருந்தடித்ததில் மிச்சத் தவளையும் செத்தது. ஓர் ஐப்பசியில் அதே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. விதி என்றார்கள். நான் அன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை. நான் டைப் அடிக்கும் ஆபீசில், காய்ச்சலுக்குத்தான் மாத்திரை இருக்கிறதே என்கிறார்கள். உன் வீட்டுக்கு அது வந்து சேரவில்லையே!

பஸ் ஏரிக்கரையில் நின்றது. நான் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. மூட்டையைப் படிவரை இழுத்துப்போய் முடிச்சை அவிழ்த்தேன். ஒவ்வொன்றாகத் தண்ணீர்ப் பக்கம் தாவின.

"யாரும்மா சாக்க அவுத்தது?" கண்டக்டர் கத்தினார்.

வாய் திறந்து டிக்கெட் கேட்கவே கூச்சப்படுகிறவள் நான். பஸ் முழுக்க என்னையே பார்த்தது.

"நான்தான்" என்றேன். "இன்னா இப்போ?"