மரியாதைக்கு வாங்கிய கோல்

செப்டம்பர் 14

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, வீடியோ அறையில் இரண்டாம் வரிசையை விட்டுக் கடைசி வரிசைக்குக் குடிபெயர்வதென முடிவெடுத்தேன். அங்கே ஹீட்டர் இல்லை. கோச்சின் பார்வையும் இல்லை. பிற்காலத்தில் யாராவது என் வரலாற்றை எழுதினால் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்.

அந்த அறையின் வழக்கம் விசித்திரமானது. நாங்கள் வாங்கிய கோல்களைக் கோச் திரையில் போடுவார். சம்பந்தப்பட்டவள் தானே எழுந்து, யார் தப்பு என்று சொல்லவேண்டும். யாரும் திட்டுவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஊரில் பழைய கோச் விசிலைக் கழற்றி வீசுவார், குனிந்துகொள்வோம், விஷயம் முடிந்தது.

இந்த வெளிநாட்டுக் கால்பந்து கிளப்பில் எனக்கு ஒரு வருட ஒப்பந்தம். நடு டிஃபென்ஸ். புதுப்பிப்பார்களா என்பது சீசன் முடிவில்தான் தெரியும்.

செப்டம்பர் 29

தோற்றோம். ஓரத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. கோல்கீப்பர் “என்னோடது!” என்று கத்தினாள், நான் விலகினேன், அவள் கோட்டைவிட்டாள், கோல்.

அவள் என்னைவிட எட்டு வயது மூத்தவள்; அவள் ஒப்பந்தமும் இந்த சீசனோடு முடிகிறது. தினமும் தன் காரில் என்னைக் கூட்டிப்போகிறவள். வந்த அன்றே “அக்கா” என்றேன். அது அவளுடைய செல்லப்பெயர் என்று நினைத்து, கோச் உட்பட எல்லோரும் இப்போது அக்கா என்றே கூப்பிடுகிறார்கள்.

வீடியோ அறையில் நான் எழுந்து, “என் தப்புதான்” என்றேன். “சேச்சே, நான்தான் விட்டேன்” என்று அவள் சொல்லவேண்டும். “இல்லவே இல்லக்கா” என்று நான் சொல்லவேண்டும். மனிதர்கள் இப்படித்தானே பழகுவார்கள்? அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். கோச், “நேர்மைக்கு நன்றி” என்று எதையோ குறித்துக்கொண்டார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “நல்லதுடி. பெரியவங்கள மாட்டி விடாத. ஒத்துக்கிட்டா யாரு என்ன பண்ணிட முடியும்?”

அக்டோபர் 20

மறுபடி அதே மாதிரிப் பந்து. மறுபடி என் தப்பு.

நவம்பர் 10

கோச் என்னை எழுப்பி நிறுத்தி, “பொறுப்பேத்துக்குறதுன்னா இவகிட்ட கத்துக்கங்க” என்றார். கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் சனிக்கிழமை அணியை வாசித்தார். நான் பெஞ்சில்.

பாராட்டுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஏதோ ஒரு வாக்கியம் எனக்குக் காதில் விழவில்லையா?

டிசம்பர் 8

என் இடத்தில் ஆடும் சுருட்டைமுடிக்காரிக்கும் அதே பந்து, அதே கோல். அவள் எழுந்து, “அது அக்கா பந்து. நான் விலகினது சரி” என்றாள். அக்கா, “ஆமா, என்னோடது” என்றாள். பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிடப் போனார்கள். சண்டை எப்போது என்று நான் சாயங்காலம்வரை காத்திருந்தேன்.

டிசம்பர் 9

காரில் கேட்டேவிட்டேன்.

“அக்கா, அந்த ரெண்டு கோலும்...”

“உன் தப்புன்னு நீதான சொன்ன?”

“அது மரியாதைக்குச் சொன்னது.”

“யாருக்கு மரியாதை?”

“உங்களுக்குத்தான்.”

காரை ஓரம் கட்டினாள். “அடிப்பாவி! எனக்கு என்னோட தப்பு மாதிரிதான் தோணுச்சு. நீ அவ்வளவு அடிச்சு சொன்னதால நம்பிட்டேன். இத்தன நாளா அந்தப் பந்துக்குப் பயிற்சியே எடுக்கல!”

நான் என்னதான் செய்திருக்கணும்? நல்லது பண்ணினேன்னுதானே நினைச்சேன்? ஒண்ணும் புரியல.

டிசம்பர் 11

கோச்சிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

“அப்ப பொய் சொன்னியா?”

“பொய் இல்லைங்க. மரியாதை.”

“உங்க ஊர்ல ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோச் பழைய கோல்களைப் போட்டுப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், ஜனவரியிலிருந்து ஆடச் சொன்னார்.

ஏப்ரல் 26

ஜனவரியிலிருந்து எல்லா ஆட்டமும் ஆடினேன். அக்காவும் உயரப் பந்துகளை இப்போது பறித்து எடுக்கிறாள். நேற்று கடைசி ஆட்டம். உயரப் பந்து, அக்கா கத்தவே இல்லை, அது முழுக்க என்னுடையது. ஒரு கணம் தயங்கினேன். கோல். தோல்வி.

இன்று எழுந்து, “என் தப்பு” என்றேன்.

கோச் என்னைப் பார்த்தார். “உண்மையா, மரியாதையா?”

“சத்தியமா என் தப்பு.”

அக்கா எழுந்தாள். “சேச்சே, நான் வெளிய வந்திருக்கணும். என் தப்பு.”

“இல்லக்கா, என்னோடது!”

“நீ சும்மா உக்காரு, என்னோடது!”

வெகுநேரம் போனது. இந்த ஊருக்கு வந்தபின் முதல் தடவையாக யாரோ என்னோடு ஒழுங்காகப் பேசியதுபோல இருந்தது. கோச் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, பேனாவை எடுத்து இரண்டு பெயரையும் குறித்துக்கொண்டார்.

மே 6

கிளப்பிலிருந்து பதில் வந்தது. எங்கள் இருவருடைய ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை.